ஒன்றும் செய்யாமல் பின்னால் மட்டும் வருகிறான், இதைப் பொலிஸில் என்னவென்று சொல்வது?

கருமுகில்:

வணக்கம். இங்கே வாசிப்பதோடு சரி, எழுதுவது இதுதான் முதல் தடவை. ஹட்டன் பக்கம் ஒரு தோட்டம், பெயர் வேண்டாம். வயது 24. டவுனில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன். காலையில் பஸ்ஸில் போய் இருட்டுவதற்குள் வந்துவிடுவேன்.

எட்டு மாதமாக ஒருவன் என் பின்னால் வருகிறான். எங்கள் தோட்டத்து ஆள்தான், கீழ் டிவிஷன். போன கோயில் திருவிழாவில் விருப்பம் என்று வந்து சொன்னான். எனக்கு விருப்பமில்லை என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு ஒரு வார்த்தை பேசியதில்லை. காலையில் பஸ் ஹோல்ட்டில் நிற்பான், நான் ஏறினால் ஏறுவான், டவுனில் இறங்கினால் இறங்குவான், கடைக்கு எதிர்ப்பக்கச் சுவரில் சாய்ந்து நிற்பான். சாயங்காலம் தேயிலை மலைக்கு நடுவே உள்ள குறுக்குப் பாதையில் இருபது முப்பது அடி பின்னால் நடந்து வருவான். நான் நின்றால் அவனும் நிற்பான். சரளைக் கல்லில் அவனுடைய சப்பாத்துச் சத்தம் நிற்பது எனக்கு நன்றாகக் கேட்கும். அவ்வளவுதான். தொட்டதில்லை, கெட்ட வார்த்தை சொன்னதில்லை.

அப்புறம் இந்த ரீலோட். ஒவ்வொரு திங்கட்கிழமையும் என் போனுக்கு 50 ரூபாய் ரீலோட், அதாவது போன் பேசுவதற்கான காசு, விழுகிறது. யார் போட்டது என்று மெசேஜில் இருக்காது. நான் வழக்கமாக ரீலோட் போடும் கொமினிகேஷன் கடையில் நம்பரைக் கொப்பியில் எழுதச் சொல்லித்தான் போடுவார்கள், அதிலிருந்துதான் எடுத்திருக்க வேண்டும். சிம்மை மாற்றினேன். மூன்றாவது திங்கட்கிழமை புது நம்பருக்கும் 50 ரூபாய் வந்தது. அந்த மெசேஜ் சத்தத்துக்குக் கையில் இருந்த தேத்தண்ணிக் கோப்பை நழுவி விழுந்து உடைந்துவிட்டது.

அம்மாவிடம் சொன்னால், "அவன்தான் ஒன்னுமே செய்யலையே, நீ ஏன் பெரிசுபடுத்துற" என்கிறார். அப்பா இல்லை. தம்பியிடம் சொல்லப் பயம், ஆளைக் கூட்டிக்கொண்டு அடிக்கப் போய்விடுவான், பிறகு அவன்தான் கூண்டில் நிற்க வேண்டி வரும். லயத்தில், எங்கள் வரிசை வீடுகளில், எல்லோருக்கும் தெரியும். "உனக்கென்ன, பொடிகார்ட் போட்டிருக்கியே" என்று சிரிக்கிறார்கள்.

ராத்திரியில் தூக்கம் கிடையாது. மழை இரவுகள் இன்னும் மோசம், தகரத்தில் விழும் சத்தத்தில் இஸ்தோப்பில், வாசல் திண்ணையில், யாராவது நடந்தாலும் கேட்காதே என்று உட்கார்ந்துகொண்டே இருப்பேன். பொழுது சாய்ந்தால் தண்ணீர் பிடிக்கப் பீலிக்குப் போவதில்லை. என் சிவப்புக் குடை தூரத்திலேயே தெரிகிறதென்று கறுப்புக் குடை வாங்கிவிட்டேன். கணக்கில் பிழை விடுகிறேன், முதலாளி இரண்டு தடவை ஏசிவிட்டார்.

இது எனக்கு மட்டும் நடப்பதா, எல்லோருக்கும் நடப்பதா? அம்மா சொல்வதுபோல நான்தான் பெரிசுபடுத்துகிறேனா? பொலிஸுக்குப் போனால் என்னவென்று சொல்வது? "பின்னால் நடக்கிறான், 50 ரூபாய் ரீலோட் போடுகிறான்" என்றால் சிரிக்க மாட்டார்களா?

———

டிக்கோயாக்காரி:

தங்கச்சி, குடை என்று எழுதினீர்களே, அந்த இடத்தில் எனக்கு மேலே வாசிக்க முடியவில்லை. நான் தலைமுடியை வெட்டினேன். பின்னலைப் பார்த்துத்தான் கூட்டத்தில் கண்டுபிடிக்கிறான் என்று ஒருநாள் தோன்றியது, அன்றைக்கே வெட்டிவிட்டேன். வீட்டில் எல்லோரும் ஏசினார்கள், காரணம் சொல்லவில்லை.

எனக்கு அப்போது 19. கொழும்புப் பக்கம் கார்மெண்ட்ஸில் இருந்தேன். எங்கள் ஊர்ப் பையன் ஒருவன் போர்டிங் வாசலில் ஏழு மாதம் நின்றான். அவனும் ஒன்றும் "செய்யவில்லை". என்ன நடந்தது தெரியுமா, ஓவர்டைம் செய்தால் இருட்டிவிடும் என்று ஓவர்டைமை விட்டேன், பிறகு சம்பளம் போதவில்லை, பிறகு வேலையையே விட்டுவிட்டு ஊருக்கு வந்தேன். ஊருக்கு வந்ததும் கேள்வி, "ஏன் வந்த, அங்க என்ன பண்ணின?" அவனைப் பார்த்து யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை.

11 வருடம் ஆகிவிட்டது. கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள். இன்றைக்கும் பஸ்ஸை விட்டு இறங்கியதும் எனக்குப் பின்னால் எத்தனை பேர் இறங்குகிறார்கள் என்று எண்ணுவேன். வேண்டுமென்று எண்ணுவதில்லை, தானாக வரும். என் வீட்டுக்காரர் ஒருநாள் சும்மா விளையாட்டுக்குப் பின்னால் வந்து தோளைத் தொட்டார், நான் கத்தின கத்தலில் பக்கத்து வீட்டுச் சனம் ஓடி வந்துவிட்டது. அவருக்கு அன்றைக்குத்தான் முழுக் கதையையும் சொன்னேன்.

பெரிசுபடுத்தவில்லை நீங்கள். அம்மாவை மட்டும் விட்டுவிடாதீர்கள். அவருக்கும் பயம்தான், அதைச் சொல்லத் தெரியாமல்தான் அப்படிச் சொல்கிறார்.

———

நிலாமுற்றம்:

உளவளத்துணை வேலையில் இருக்கிறேன், தோட்டப் பக்கம்தான். இரண்டு அனுபவங்களையும் வாசித்தேன். கருமுகில், உங்கள் முதல் கேள்விக்கு முதலில் வருகிறேன்.

இதற்கு உலகம் முழுக்கப் பெயர் இருக்கிறது, ஸ்டோக்கிங் என்பார்கள். விருப்பமில்லை என்று தெரிந்த பிறகும் ஒருவரைத் திரும்பத் திரும்பப் பின்தொடர்வது, காத்து நிற்பது, ஏதாவது ஒரு வழியில் தொடர்புகொள்வது, அதனால் அவருக்குப் பயமோ மன உளைச்சலோ வருவது. தனித்தனியாக எடுத்தால் எல்லாமே சின்ன விஷயம். ரோட்டில் நிற்பது குற்றமா, பஸ்ஸில் ஏறுவது குற்றமா என்று கேட்கலாம். எட்டு மாதத்தையும் சேர்த்து அடுக்கி வைத்தால்தான் அது என்னவென்று தெரியும், அதனால்தான் வெளியில் இருப்பவர்களுக்கு எடுத்துச் சொல்வது இவ்வளவு கஷ்டமாக இருக்கிறது.

எவ்வளவு பரவலானது என்றால், ஐரோப்பிய ஒன்றியத்தின் 28 நாடுகளில் 42,000 பெண்களிடம் கேட்டு 2014இல் ஓர் அறிக்கை வந்தது. 15 வயதுக்குப் பிறகு ஒருமுறையாவது இப்படிப் பின்தொடரப்பட்டவர்கள் 18 சதவீதம், கிட்டத்தட்ட ஐந்தில் ஒருவர். அவர்களிலும் ஐந்தில் ஒருவருக்கு அது இரண்டு வருடத்துக்கு மேல் நீடித்திருக்கிறது. அமெரிக்காவில் அரச சுகாதார நிறுவனம் 2016, 2017இல் எடுத்த கணக்கில் வாழ்நாளில் பெண்களில் மூன்றில் ஒருவர், ஆண்களில் ஆறில் ஒருவர். ஆண்களுக்கும் நடக்கிறது என்பதைச் சேர்த்தே சொல்கிறேன், இங்கே வாசிக்கும் தம்பிகளில் யாருக்காவது நடந்துகொண்டிருந்தால் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். பெரும்பாலும் செய்பவர் முன்பின் தெரியாத ஆளும் இல்லை. பழைய காதலன், பழைய கணவன், கூட வேலை செய்பவன், பக்கத்து வீட்டுக்காரன், இப்படித் தெரிந்த முகம்தான்.

நம் நாட்டுக்கு வந்தால், பஸ், ரயிலில் பெண்களுக்கு நடக்கும் பாலியல் தொல்லை பற்றி ஐ.நா. சனத்தொகை நிதியம் செய்த ஆய்வு ஒன்று இருக்கிறது. 90 சதவீதமான பெண்கள் அனுபவித்திருக்கிறார்கள், பொலிஸின் உதவியை நாடியவர்கள் 4 சதவீதம். அது பின்தொடர்வதைப் பற்றிய கணக்கு இல்லை. ஆனால் நம் பெண்கள் எவ்வளவு பொறுத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டு போகிறார்கள் என்பதற்கு அந்த 4ஐப் பார்த்தால் போதும்.

இனி மனதுக்கு. அவுஸ்திரேலியாவில் பத்தே, முல்லன் என்ற இரண்டு மனநல மருத்துவர்கள் பின்தொடரப்பட்ட 100 பேரைப் பற்றி 1997இல் எழுதினார்கள். எண்பதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஓயாத பதற்றம். நான்கில் மூன்று பேருக்குத் தூக்கம் கெட்டுப்போனது. பாதிக்கு மேற்பட்டவர்கள் வேலையை மாற்றினார்கள் அல்லது விட்டார்கள். நான்கில் ஒருவருக்குச் செத்துப்போகலாம் என்ற எண்ணம் வந்திருக்கிறது. குடை மாற்றியது, பின்னலை வெட்டியது, ஓவர்டைமை விட்டது எல்லாம் அந்த நூறு பேருடைய கதையிலும் வேறு வேறு உருவத்தில் இருக்கிறது. அடியே விழாதவர்களும் இவர்களில் இருக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள்.

அடி விழாமலேயே ஏன் இவ்வளவு பாதிப்பு? ஒரு விபத்து நடந்தால் அது முடிந்துவிடும், உடம்பு மெல்ல மெல்லத் தன் நிலைக்குத் திரும்பும். இது முடிவதில்லை. இன்றைக்கு வருவானா, எங்கே நிற்பான், இன்றைக்கு ஏதாவது செய்துவிடுவானோ என்று மூளை ஒரு காவல்காரனை எழுப்பி நிறுத்திவிடுகிறது, அந்தக் காவல்காரன் ராத்திரியும் தூங்குவதில்லை. அதனால்தான் மெசேஜ் சத்தத்துக்குக் கோப்பை விழுகிறது, அதனால்தான் கணக்கில் பிழை வருகிறது. உங்கள் மூளையில் கோளாறு இல்லை, அது தன் வேலையை அளவுக்கு மீறிச் செய்துகொண்டிருக்கிறது. டிக்கோயாக்காரி அக்கா, 11 வருடத்துக்குப் பிறகும் நீங்கள் எண்ணுவது அதன் மிச்சம்தான். அதற்கு இப்போதும் சிகிச்சை உண்டு, நாள் கடந்துவிட்டதே என்று விட்டுவிடாதீர்கள்.

பெரிய அரச வைத்தியசாலைகள் பலவற்றில் நட்பு நிலையம் என்று ஓர் இடம் இருக்கிறது, சிங்களத்தில் மிதுரு பியச என்பார்கள். இப்படிப்பட்ட பிரச்சினையோடு வரும் பெண்களுக்காகவே வைத்தது, காசு வாங்குவதில்லை. ராத்திரி மனது தாங்கவில்லை என்றால் 1926க்கு எடுங்கள், தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம்.

———

சிவனொளி:

எல்லாரும் பயமுறுத்தாமல் ஒரு விஷயத்தை யோசியுங்கள். பையன் உண்மையாகவே விரும்பியிருக்கலாம், சொல்லத் தெரியாமல் நிற்கலாம். கெட்டவன் என்றால் எட்டு மாதத்தில் ஏதாவது செய்திருப்பானே. ஒரு தடவை நேரில் உட்கார்ந்து அமைதியாகக் கதைத்துப் பாருங்கள் சகோதரி, பொலிஸ் கேஸ் என்று போனால் ஒரு பையனின் வாழ்க்கையே போய்விடும்.

———

தேயிலைத்தூள்:

சிவனொளி தம்பி, நான் அந்தப் பையனாக இருந்தவன். அதனால் எழுதுகிறேன்.

22 வயதில் ஏ/எல் ரியூஷனுக்கு வந்த ஒரு பிள்ளையின் பின்னால் ஒரு வருடத்துக்குக் கிட்ட சுற்றினேன். அவர் வேண்டாம் என்று சொல்லியிருந்தார். எனக்கு அது காதில் ஏறவேயில்லை. நாம் பார்த்து வளர்ந்த கதைகளில் எல்லாம் கதாநாயகி முதலில் வேண்டாம் என்பார், அவன் விடாமல் நிற்பான், கடைசியில் சம்மதிப்பார். நானும் அப்படித்தான் நின்றேன். மழையில் நனைந்துகொண்டு நின்றால் என்மேல் இரக்கம் வரும் என்று நினைத்தேன். அந்தப் பிள்ளை எவ்வளவு பயந்திருக்கும் என்று ஒருநாள்கூட யோசிக்கவில்லை, சத்தியமாக.

சில வருடத்துக்குப் பிறகு அவருடைய அண்ணனை ஒரு மரண வீட்டில் சந்தித்தேன். தங்கச்சி அந்த வருடமே வகுப்பை நிறுத்திவிட்டாள், பரீட்சை எடுக்கவில்லை என்றார். என்னால்தான் என்று அவருக்குத் தெரியாது, சும்மா பேச்சுவாக்கில் சொன்னார். அவர்கள் லயத்தில் ஏ/எல் வரைக்கும் வந்த முதல் பிள்ளை அவர். மன்னிப்புக் கேட்கப் போகலாமா என்று நினைத்தேன். போனால் அதுவும் மறுபடி பின்னால் போவதுதான் என்று தோன்றியது, போகவில்லை.

நேரில் கதைத்துப் பார் என்று சொல்கிறீர்களே, அந்தப் பிள்ளையும் ஒரு தடவை நின்று கதைத்தார். "அண்ணே, தயவுசெய்து வராதீங்க" என்றார். எனக்கு என்ன விளங்கியது தெரியுமா? பத்து மாதம் நின்றதற்குப் பலன் கிடைத்துவிட்டது, கதைத்துவிட்டார், இன்னும் கொஞ்சம் நின்றால் சரியாகிவிடும். இருபது தடவை எடுத்த கோலுக்கு இருபத்தோராவது தடவை பதில் சொன்னால், இருபத்தொரு தடவை எடுத்தால்தான் கிடைக்கும் என்றுதான் அவன் படித்துக்கொள்வான். கருமுகில் ஏற்கனவே நேராகச் சொல்லிவிட்டார். இனி கதைக்க ஒன்றுமில்லை. வாழ்க்கை போய்விடும் என்றீர்கள். அந்தப் பிள்ளையின் வாழ்க்கை போனதே, அதை யார் கேட்டார்கள்?

———

மேட்டுலயம்:

தேயிலைத்தூள் அண்ணன் எழுதியதற்கு மேலே அந்தப் பேச்சைத் தொடர விரும்பவில்லை. பொலிஸ் கேள்விக்கு வருகிறேன். ஒரு சட்டத்தரணியின் அலுவலகத்தில் ஒன்பது வருடமாக எழுத்து வேலை செய்கிறேன், இப்படி வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

கலிபோர்னியாவில் 1990இலேயே இதற்கென்று சட்டம் வந்தது, இந்தியாவில் 2013இல் தண்டனைச் சட்டத்தில் 354டி என்று தனிப் பிரிவு சேர்த்தார்கள். இலங்கையில் பின்தொடர்தல் என்ற பெயரில் தனிக் குற்றம் கிடையாது. அதற்காகக் கையை விரிக்க வேண்டியதில்லை. தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவு, 1995 திருத்தத்தோடு, பாலியல் தொந்தரவைப் பற்றியது. தொட்டால்தான் குற்றம் என்று அதில் இல்லை, சொல்லாலோ செயலாலோ செய்யும் தொல்லையும் அதற்குள் வரும், 5 வருடம் வரை சிறை கிடைக்கலாம். மிரட்டல் இருந்தால் அதற்குக் குற்றவியல் அச்சுறுத்தல் பிரிவுகள் தனியாக உண்டு. 2005இன் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைச் சட்டத்தில் பாதுகாப்புக் கட்டளை எடுக்கலாம் என்று சிலர் சொல்வார்கள், அது கணவன், முன்னாள் கணவன், சேர்ந்து வாழ்ந்தவன், குடும்பத்து ஆட்கள் செய்யும்போது உதவும். உங்களுக்குப் பொருந்தாது, ஆனால் பழைய புருஷன் தொல்லை என்று இதை வாசிக்கும் அக்காமாருக்குக் கட்டாயம் பொருந்தும்.

பொலிஸில் "பின்னால் வருகிறான்" என்று மட்டும் சொன்னால் சிரிக்கத்தான் செய்வார்கள். கொப்பி வையுங்கள். திகதி, நேரம், இடம், என்ன நடந்தது, யார் பார்த்தார்கள். "5.50, குறுக்குப் பாதை, வாகை மரத்தடி, நான் நின்றேன், அவனும் நின்றான்." இவ்வளவு போதும். கூடவே உங்களுக்கு ஆனதையும் எழுதுங்கள், தூங்காத இரவு, விட்ட வேலை நாள். முப்பது வரி சேர்ந்த கொப்பியை மேசையில் வைத்துப் பாருங்கள், கேட்கிற முகம் மாறும். ரீலோட் மெசேஜ் ஒன்றையும் அழிக்க வேண்டாம். இனி அந்தக் கடையில் நம்பர் எழுதாதீர்கள், ரீலோட் கார்ட் வாங்கிச் சுரண்டிப் போடுங்கள். பஸ் கொண்டக்டரிடமும், கடையில் நம்பிக்கையான ஒருவரிடமும் சொல்லி வையுங்கள், நாளைக்கு அவர்கள்தான் சாட்சி. குறுக்குப் பாதையைக் கொஞ்ச நாளைக்கு விடுங்கள், அல்லது கொழுந்து நிறுத்துப்போட்டு வரும் அக்காமாரோடு சேர்ந்து வாருங்கள். தம்பியை அடிக்க மட்டும் அனுப்பாதீர்கள். அன்றைக்கே முறைப்பாட்டுக்காரன் அவன், குற்றவாளி உங்கள் தம்பி என்று ஆகிவிடும், நான் பார்த்திருக்கிறேன்.

பொலிஸ் நிலையத்தில் சிறுவர் மற்றும் மகளிர் பிரிவைக் கேட்டுப் போங்கள். தமிழில் முறைப்பாடு கொடுப்பது உங்கள் உரிமை. சிங்களத்தில் எழுதினால் தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள், விளங்காமல் கையெழுத்து வைக்க வேண்டாம், முறைப்பாட்டு இலக்கத்தை வாங்காமல் வராதீர்கள். போவதற்கு முன்னால் கேட்டுத் தெளிய வேண்டுமென்றால் 1938, மகளிர் உதவி இலக்கம். பொலிஸின் சிறுவர் மகளிர் பணியகத்துக்கு 109. அவசரம் என்றால் 119.

இன்னொன்று, இதைத்தான் அழுத்திச் சொல்ல வேண்டும். தோட்டத்தில் முதலில் தலைவர், கோயில் கமிட்டி, பெரியவர்கள் என்று வந்து "நாமளே பேசித் தீர்த்துக்கலாம்" என்பார்கள். நல்ல மனதோடு வருகிறவர்களும் உண்டு. ஆனால் அந்தப் பேச்சு எங்கே போய் முடியும் தெரியுமா? "பையன் இவ்வளவு ஆசைப்படுகிறான், கட்டிவைத்துவிடலாமே." ஒரு தோட்டத்தில் அப்படியே கட்டிவைத்தார்கள். மூன்று வருடம் கழித்து அந்தப் பிள்ளை எங்கள் அலுவலகத்துக்கு வந்தார், பாதுகாப்புக் கட்டளை எடுக்க. அந்த 2005ஆம் ஆண்டுச் சட்டம் எனக்கு மனப்பாடமானது அப்படித்தான்.

———

கருமுகில்:

எல்லோருக்கும் நன்றி. மூன்று நாள் கழித்து எழுதுகிறேன். டிக்கோயாக்காரி அக்கா எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். பின்னலை வெட்டியது வரைக்கும் சும்மா கேட்டுக்கொண்டிருந்தார், பிறகு எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார். அடுத்த நாள் காலை பிரட்டுக்கு, தோட்டத்தில் வேலை பிரிக்கும் இடத்துக்கு, போகாமல் என்னோடு பஸ் ஹோல்ட்டுக்கு வந்தார். ஒரு நாள் பெயர், அதாவது அன்றைய சம்பளம், போய்விட்டது, கேட்டதற்கு "போனா போகுது" என்றார். அவன் நின்றான். அம்மா ஒன்றும் பேசவில்லை, பஸ் வரும்வரை அவனையே பார்த்துக்கொண்டு நின்றார். அன்றைக்கு அவன் ஏறவில்லை. சாயங்காலம் வழக்கம்போல வந்தான்.

கொப்பி தொடங்கிவிட்டேன். ஐந்து வரி சேர்ந்திருக்கிறது. பழைய ரீலோட் மெசேஜ்களைப் பயத்தில் அழித்துவிட்டேனே, அதை இனி எடுக்க முடியுமா? அது இல்லாமல் போனால் ஏற்பார்களா? அம்மா வருகிறார், எந்த நாள் போவதென்று

———

மேட்டுலயம்:

நிறுத்துங்கள். எந்த நாள், எந்த நேரம் என்று இங்கே எழுத வேண்டாம் தங்கச்சி, யார் வாசிக்கிறார்கள் என்று நமக்குத் தெரியாது. அழித்ததைப் பற்றிக் கவலை வேண்டாம். எந்த மாதத்திலிருந்து வருகிறது, இரண்டு நம்பரும் என்ன என்பதை முறைப்பாட்டில் சொல்லுங்கள், கொம்பனியிடம் விபரம் கேட்டு எடுப்பது பொலிஸின் வேலை. இந்தத் திங்கட்கிழமை வருவதை வைத்துக்கொள்ளுங்கள். மற்றதை இன்பொக்ஸில் எழுதுங்கள்.

———

டிக்கோயாக்காரி:

எனக்கும் இன்பொக்ஸ் போடுங்கள் தங்கச்சி. அம்மாவோடு நானும் வருகிறேன், அங்கிருந்து எனக்கு ஒரு பஸ்தான்.